இணையப் பொய்த் தகவல்: அரசு எப்படிக் கண்காணிக்கிறது, எப்படி நீக்குகிறது? கொச்சி வெலிங்டன் தீவை முன்வைத்து ஒரு விளக்கம்

கொச்சி: 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூன்று வாரங்களுக்குள் இரண்டு வதந்தி அலைகள் கொச்சித் துறைமுகத்தைத் தொட்டுச் சென்றன. முதலாவது, ஆபரேஷன் சிந்தூர் நாள்களில் போர்க்கப்பல்களையும் துறைமுகங்களையும் பற்றிப் பரவியது. இரண்டாவது, மே 25 அன்று மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பலால் கடல் மீன் நஞ்சாகிவிட்டது என்ற அச்சம். முன்னது நாட்டின் பாதுகாப்பு தொடர்பானது. பின்னது மீனவர் வீட்டு அடுப்பு தொடர்பானது. இரண்டையும் எதிர்கொள்ள அரசு கையாண்ட வழிகள் ஒன்றல்ல.

சமூக ஊடகத்தில் வெளியாகும் ஒரு பதிவைப் 'பொய்' என்று அறிவிப்பது யார், அதை நீக்கும்படி உத்தரவிடுவது யார், அந்த உத்தரவுக்கு எதிராக முறையிடுவது எங்கே என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தீவும் அதன் அண்டை நிலமும்

வெலிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையாக அமைந்ததன்று. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் தலைமையில் துறைமுகக் கால்வாயை ஆழப்படுத்தியபோது, தூர்வாரிய மண்ணைக் காயலில் கொட்டி எழுப்பிய நிலம் அது. வைஸ்ராயாக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரே தீவுக்கு இடப்பட்டது. தமிழ் ஏடுகளில் அது வெலிங்டன் என்றே நிலைத்துவிட்டது. வாட்டர்லூ போரில் வென்ற வெலிங்டனுக்கும் இத்தீவுக்கும் தொடர்பில்லை.

ஒரு பக்கம் மட்டாஞ்சேரி, மறுபக்கம் எர்ணாகுளம், இடையில் இத்தீவு. துறைமுக ஆணையத்தின் அலுவலகமும் கடற்படையின் தெற்குக் கட்டளைத் தளமும் ஐஎன்எஸ் கருடா விமானத் தளமும் இங்குள்ளன. ஐஎன்எஸ் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய கொச்சிக் கப்பல் கட்டும் தளம் எர்ணாகுளம் கரையில் இருக்கிறது. போர் என்றாலும் கப்பல் விபத்து என்றாலும் வெள்ளம் என்றாலும் தகவல் இங்கே கிடைக்கும் என்று மக்கள் எதிர்பார்க்கும் இடம் இது. தகவல் வரத் தாமதமானால் வதந்தி அந்த இடத்தை நிரப்புகிறது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது நெடும்பாசேரி விமான நிலையம் நீரில் மூழ்கியதால், தீவின் கடற்படை விமானத் தளத்தில் பயணிகள் விமானங்கள் தரையிறங்கின. அதே நாள்களில் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிட்டதாகக் குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. ராணுவச் சீருடை அணிந்த ஒருவர், மீட்புப் பணியில் ராணுவத்தை அனுமதிக்க மாநில அரசு மறுப்பதாகக் கூறும் காணொளியும் பரவியது. அவர் ராணுவத்தைச் சேர்ந்தவரல்லர், போலி என்று ராணுவமே அறிவித்தது. அந்த ஒற்றை மறுப்பு பெரிதும் பலன் தந்தது. காரணம் எளிது: யாருடைய பெயரில் பொய் சொல்லப்பட்டதோ அவர்களே, உடனே, தெளிவாக மறுத்தார்கள்.

சொற்களில் தொடங்கும் சிக்கல்

பொய்த் தகவல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வகைகள் அடங்கியுள்ளன. உண்மை என்று நம்பி ஒருவர் பகிரும் பிழையான தகவல் ஒன்று. பொய் என்று அறிந்தே ஏமாற்றுவதற்காகப் புனைந்து பரப்புவது இரண்டாவது. உண்மையான படத்தையோ காணொளியையோ வேறு காலத்துக்கும் வேறு இடத்துக்கும் பொருத்திக் காட்டுவது மூன்றாவது. மீன் சாப்பிட வேண்டாம் என்று உறவினருக்கு அனுப்பும் பாட்டியும், பழைய வெடிவிபத்துக் காணொளியைப் புதிய தாக்குதல் என்று பதிவேற்றும் கணக்கும் ஒரே குற்றத்தைச் செய்யவில்லை. தமிழில் இரண்டுக்கும் 'வதந்தி' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். செய்தியை மொழிபெயர்ப்பவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர்களுக்கு இது அதைவிடப் பெரிய தொல்லை.

மும்பை உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசின் உண்மை சரிபார்ப்பு விதி தோற்றதற்கான காரணங்களுள் ஒன்றும் சொற்களின் தெளிவின்மையே. அதைப் பின்னர் காண்போம்.

முதல் கருவி: மறுப்பு

மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் 2019 நவம்பரில் உண்மை சரிபார்ப்புப் பிரிவைத் தொடங்கியது. பொதுமக்கள் அனுப்பும் ஐயங்களையும், தானாகக் கண்டறியும் பதிவுகளையும் இப்பிரிவு சரிபார்த்து, பொய்யானவை, தவறாக வழிநடத்துபவை என்று முத்திரையிட்டு வெளியிடுகிறது. மத்திய அரசு, அதன் அமைச்சகங்கள், துறைகள் தொடர்பான தகவல்களை மட்டுமே இது எடுத்துக்கொள்ளும்.

2025 மே 7 முதல் 10 வரையிலான நாள்களில் இப்பிரிவு இரவு பகலாக மறுப்புகளை வெளியிட்டது. குஜராத்தின் ஹசீரா துறைமுகம் தாக்கப்பட்டதாகப் பரவிய காணொளி, 2021 ஜூலையில் நிகழ்ந்த எண்ணெய்க் கப்பல் வெடிவிபத்துடையது என்று கண்டறியப்பட்டது. 2020-இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் நிகழ்ந்த வெடிப்பின் காட்சியும் புதிய ஏவுகணைத் தாக்குதல் என்ற பெயரில் மீண்டும் வலம் வந்தது.

பொய் எல்லையின் மறுபுறத்திலிருந்து மட்டும் வரவில்லை. கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கி அழித்துவிட்டதாக மே 8 இரவு நம் நாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசைகள் சிலவே அறிவித்தன. ஐஎன்எஸ் விக்ராந்தின் பெயரும் அதில் அடிபட்டது. மே 11 அன்று செய்தியாளர்களைச் சந்தித்த கடற்படை நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் வைஸ் அட்மிரல் ஏ.என்.பிரமோத், கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாங்கள் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் தாக்கும் ஆயத்த நிலையில் கடற்படை நிறுத்தப்பட்டிருந்தது என்றே கூறினார். தாக்கியதாகக் கூறவில்லை. பதற்றமான இரவில் வெற்றிச் செய்தி கேட்க விரும்பிய இலட்சக்கணக்கானோர் அந்தத் திருத்தத்தைக் கவனித்தார்களா என்பது வேறு.

அதே நாள்களில் வெலிங்டன் தீவிலும் ஒன்று நிகழ்ந்தது. மே 9 அன்று கடற்படைத் தளத்துக்குத் தொலைபேசியில் பேசிய ஒருவர், பிரதமர் அலுவலகத்திலிருந்து அழைப்பதாகக் கூறி, விக்ராந்த் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கொச்சித் துறைமுகக் காவல்நிலையத்தார் வழக்குப் பதிந்து, கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒருவரைக் கைது செய்தனர். கப்பலின் இருப்பிடம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏப்ரல் 26 அன்றே ஊடகங்களுக்கும் சமூக ஊடகப் பயனர்களுக்கும் அறிவுறுத்தியிருந்தது. மும்பையில் 26/11 தாக்குதலின்போது நேரலைகள் ஏற்படுத்திய சிக்கல்களை அந்த அறிவுறுத்தல் நினைவூட்டியது.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உண்மை சரிபார்ப்புப் பிரிவு 'பொய்' என்று முத்திரையிட்டாலும் அந்தப் பதிவு சட்டப்படி நீக்கப்பட்டுவிடாது. முத்திரைக்கு அத்தகைய அதிகாரம் தர அரசு ஒருமுறை முயன்றது. 2023 ஏப்ரல் 6 அன்று தகவல் தொழில்நுட்ப விதிகளில் கொண்டுவரப்பட்ட திருத்தம், மத்திய அரசின் செயல்பாடுகள் குறித்து அரசுப் பிரிவு 'போலி, பொய் அல்லது தவறாக வழிநடத்துவது' என்று அடையாளம் காட்டும் பதிவுகளைத் தளங்கள் அகற்றாவிட்டால், அவை சட்டப் பாதுகாப்பை இழக்கக்கூடும் என்றது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். 2024 ஜனவரி 31 அன்று நீதிபதிகள் ஜி.எஸ்.படேல், நீலா கோகலே மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். மார்ச் 20 அன்று பத்திரிகை தகவல் அலுவலகத்தின் பிரிவை அரசு அறிவிக்கை செய்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மூன்றாவது நீதிபதியாக வழக்கைக் கேட்ட ஏ.எஸ்.சந்துர்கர் 2024 செப்டம்பர் 20 அன்று அவ்விதியை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். மேற்கண்ட சொற்களுக்கு வரையறை இல்லை என்பதும், அரசு தன்னைப் பற்றிய தகவலுக்குத் தானே நடுவராக அமர்வது முறையாகாது என்பதும் தீர்ப்பின் சாரம்.

ஆகவே அரசின் மறுப்பு இன்று ஒரு கருத்து அறிவிப்பு மட்டுமே. அதை நம்புவதும் சரிபார்ப்பதும் வாசகரின் உரிமை.

இரண்டாம் கருவி: தடுப்பு உத்தரவு

நீக்க அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களுக்குத் தூண்டுதல் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே இப்பிரிவின்கீழ் ஒரு தகவலைத் தடுக்க முடியும். தகவல் பொய்யானது என்பது இப்பட்டியலில் இல்லை. ஒரு பொய் எவ்வளவு அப்பட்டமானதாக இருந்தாலும், அது மேற்கண்ட காரணங்களில் ஒன்றைத் தொடாதவரை 69ஏ அதற்குப் பொருந்தாது.

நடைமுறை இவ்வாறு: ஒரு துறையின் பொறுப்பு அலுவலர் கோரிக்கையை அனுப்புகிறார். மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நியமன அலுவலர் அதைக் குழுவின் முன் வைக்கிறார். சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு அமைச்சகங்களின் பிரதிநிதிகளும் கணினி அவசரநிலைக் குழுவின் பிரதிநிதியும் அதில் அமர்கின்றனர். பதிவிட்டவரை அல்லது தளத்தை அடையாளம் காண முடிந்தால், பதிலளிக்க 48 மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவசரநிலையில் முதலில் தடுத்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கலாம். உத்தரவை மீறும் தளத்தின் பொறுப்பாளர்களுக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. எனவே தளங்கள் பெரும்பாலும் முதலில் பணிந்துவிட்டுப் பின்னர் வாதாடுகின்றன.

2025 ஏப்ரல் இறுதியில் உள்துறையின் பரிந்துரைப்படி 16 பாகிஸ்தான் யூடியூப் அலைவரிசைகள் தடுக்கப்பட்டன. அவற்றின் சந்தாதாரர்கள் மொத்தம் 6.3 கோடி. மே 8 அன்று எக்ஸ் நிறுவனம், 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் தடுக்குமாறு தனக்கு உத்தரவுகள் வந்திருப்பதாக அறிவித்தது. பல கணக்குகளில் எந்தப் பதிவு சட்டத்தை மீறியது என்று குறிப்பிடப்படவில்லை என்றும் அது கூறியது. தி வயர் செய்தித் தளம் மே 9 அன்று தடுக்கப்பட்டு, பின்னர் தடை விலக்கப்பட்டது. ஆபரேஷன் சிந்தூர் காலத்தில் 1,400-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் தடுக்கப்பட்டதாக அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

8,000 கணக்குகள், 1,400 முகவரிகள். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குகிறது என்று முடிவு கட்டுவது எளிது, அது சரியன்று. ஒன்று கணக்குகளின் எண்ணிக்கை, மற்றொன்று முகவரிகளின் எண்ணிக்கை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் உத்தரவுகளைப் படிக்க வேண்டும். அங்கேதான் தடுப்பு விதிகளின் 16-ஆம் விதி குறுக்கே நிற்கிறது: கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் கடுமையான இரகசியத்துடன் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. போர்ச் சூழலில் இரகசியம் புரிந்துகொள்ளக்கூடியது. கேலிச் சித்திரத்துக்கும் செய்திக் கட்டுரைக்கும் அதே இரகசியம் பொருந்துவதுதான் பல ஆண்டுகளாக எழுப்பப்படும் கேள்வி.

மூன்றாம் கருவி: அறிவிப்பும் சஹ்யோகும்

பயனர்கள் எழுதுவதற்குத் தளங்களைப் பொறுப்பாக்கக் கூடாது என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. ஆனால் சட்டவிரோதமான பதிவு தன் தளத்தில் இருப்பதை அறிந்த பிறகும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு அகன்றுவிடும். 'அறிந்த பிறகு' என்றால் என்ன? யாரேனும் ஒருவர் புகார் சொன்னாலே தளம் அறிந்ததாகிவிடுமா? நீதிமன்ற உத்தரவு அல்லது அரசின் அறிவிக்கை மூலம் அறிவதையே அச்சொல் குறிக்கும் என்று 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

அத்தீர்ப்பு 66ஏ பிரிவை நீக்கியது பலருக்கும் நினைவிருக்கும். அதே தீர்ப்பில் கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) உட்பிரிவும் நீக்கப்பட்டது அவ்வளவாக நினைவில் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கேரள அரசு அவ்விடத்தை 118ஏ என்ற புதிய பிரிவால் நிரப்ப முயன்றது. எந்தத் தகவல் தொடர்பு வழியாகவும் ஒருவரை இழிவுபடுத்தினால் மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் என்றது அவசரச் சட்டம். 2020 நவம்பர் 21 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். இரண்டே நாள்களில், கடும் எதிர்ப்புக்கிடையே, அதைச் செயல்படுத்தப் போவதில்லை என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். பின்னர் அது முறைப்படி திரும்பப் பெறப்பட்டது. பெண்கள்மீது இணையத்தில் நடக்கும் வசைத் தாக்குதல்களைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்லி வந்த சட்டம் அது. நோக்கத்தைவிடச் சொற்கள் அகலமாக இருந்தன.

79-ஆம் பிரிவின் வழியாக அரசு அனுப்பும் நீக்க அறிவிப்புகளை ஒருங்கிணைக்க உருவானதே சஹ்யோக் இணையவாயில். உள்துறையின்கீழ் இயங்கும் இந்தியச் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2024 அக்டோபரில் இதைத் தொடங்கியது. மத்திய, மாநில அமைப்புகளின் அலுவலர்கள் இதன்வழி நேரடியாகத் தளங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாம். 69ஏ பிரிவில் உள்ள குழு, விசாரணை, மறுஆய்வு ஆகிய காப்புகள் இதில் இல்லை என்பது எக்ஸ் நிறுவனத்தின் வாதம். அந்நிறுவனம் இதைத் தணிக்கை வாயில் என்று வருணித்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2025 செப்டம்பர் 24 அன்று நீதிபதி எம்.நாகபிரசன்னா மனுவைத் தள்ளுபடி செய்தார். அரசமைப்பின் 19-ஆவது உறுப்பு தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கானது, அயல்நாட்டு நிறுவனம் அதைக் கோர முடியாது என்று அவர் கூறினார். மேல்முறையீடு செய்யப் போவதாக எக்ஸ் அறிவித்தது.

அத்தீர்ப்பு வந்த அடுத்த மாதமே அரசு சில கடிவாளங்களை இட்டது. 2025 அக்டோபர் 22 அன்று அறிவிக்கப்பட்டு நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பொதுவாக இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அலுவலரும், காவல்துறையில் சிறப்பு அதிகாரம் பெற்ற டிஐஜி நிலைக்குக் குறையாதவரும் மட்டுமே நீக்க அறிவிப்பு அனுப்பலாம். எந்தச் சட்டம் மீறப்பட்டது, எந்த முகவரியை நீக்க வேண்டும் என்று காரணத்துடன் குறிப்பிட வேண்டும். செயலர் நிலை அலுவலர் மாதந்தோறும் மறுஆய்வு செய்ய வேண்டும்.

இது ஒரு பக்கம். 2026 பிப்ரவரியில் வந்த திருத்தமோ, அறிவிப்பு கிடைத்தபின் தளங்கள் செயல்பட வேண்டிய நேரத்தை 36 மணியிலிருந்து 3 மணியாகக் குறைத்தது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படங்களுக்கும் காணொளிகளுக்கும் அடையாளச் சீட்டு இடுவதும் கட்டாயமாயிற்று. போலிக் காணொளி ஒன்று ஒரு நகரத்தையே கலவரப்படுத்த மூன்று மணி நேரம் போதும் என்பது உண்மை. ஓர் அறிவிப்பு சட்டப்படி சரியானதா என்று ஆராய மூன்று மணி நேரம் போதாது என்பதும் உண்மை. ஐயம் எழும்போது தளம் நீக்கும் பக்கமே சாயும்.

மீனும் மௌனமும்

இனி எம்எஸ்சி எல்சா 3. லைபீரியக் கொடி தாங்கிய இக்கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்தபோது 2025 மே 24 அன்று ஒருபுறமாகச் சாய்ந்தது. மறுநாள் காலை, கொச்சிக்கு ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். 21 பேரைக் கடலோரக் காவல்படையும் மூவரை ஐஎன்எஸ் சுஜாதாவும் மீட்டன. சுமார் 640 பெட்டகங்களில் 13 பெட்டகங்கள் ஆபத்தான சரக்கு கொண்டவை என்றும், 12-இல் கால்சியம் கார்பைடு இருந்தது என்றும், டீசலும் உலை எண்ணெயுமாக 450 டன் அளவுக்கு எரிபொருள் இருந்தது என்றும் அறிவிக்கப்பட்டது.

கால்சியம் கார்பைடு நீரில் பட்டால் எரியக்கூடிய வாயு வெளியேறும் என்பது பள்ளிப் பாடம். மற்ற பெட்டகங்களில் என்ன என்ற கேள்விக்குப் பல நாள்கள் முழு விடை வரவில்லை. கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கரைகளில் பெட்டகங்கள் ஒதுங்கின. வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் கடற்கரையெங்கும் இறைந்தன. அவை கன்னியாகுமரிக் கரை வரையும் வந்தன. மீன் உண்ணலாமா என்ற ஐயம் வீடுகளில் எழுந்து, கைப்பேசிகளில் எச்சரிக்கையாக மாறியது. மீன் விற்பனை சரிந்தது. மீன் உண்பதில் அச்சம் வேண்டாம் என்று மாநில மீன்வளத்துறை அமைச்சர் சஜி செரியன் கேட்டுக்கொண்டார்.

இந்த வதந்தியை மேற்கண்ட மூன்று கருவிகளில் எதனால் தடுக்க முடியும்? இறையாண்மைக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தில்லை, 69ஏ பொருந்தாது. ஒருவர் தன் சகோதரிக்கு 'மீன் வாங்காதே' என்று எழுதுவது சட்டவிரோதமன்று. 79-ஆம் பிரிவும் பொருந்தாது. அது பயணிப்பதும் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். அதன் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே படிக்கக் கிடைக்கும் வகையில் மறையாக்கம் செய்யப்பட்டவை. முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்ற 2021 விதியை எதிர்த்து அந்நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. எஞ்சியது மறுப்பு ஒன்றே.

மறுப்பதிலும் ஒரு சிக்கல். கப்பல் போக்குவரத்தும் கடலோரக் காவலும் மத்திய அரசின் பொறுப்பு. மீன் விற்பனையும் கரையோர மக்களின் பாதுகாப்பும் மாநிலத்தின் பொறுப்பு. மத்திய உண்மை சரிபார்ப்புப் பிரிவு மத்திய அரசு பற்றிய தகவலை மட்டும் பார்க்கும். கேரளத்தின் மக்கள் தொடர்புத் துறை 2020-இல் கொரோனா காலத்தில் தனியாக ஒரு சரிபார்ப்புப் பிரிவைத் தொடங்கியது. கப்பலில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு முழு விடை கப்பல் நிறுவனத்திடமும் சுங்கத்திடமும் இருந்தது. பொய்யை மறுக்க வேண்டியவரிடம் உண்மை இல்லை. உண்மை இருப்பவருக்கு மறுக்கும் வேலை இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தது நீதிமன்றம். வெலிங்டன் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள கேரள உயர் நீதிமன்றம், கப்பலின் சரக்கு விவரங்களைப் பொதுவெளியில் வைக்குமாறு மாநில அரசிடம் கூறியது. ஜூன் மாதத்தில் பட்டியல் வெளிவந்தது. அது முதல் நாளே வந்திருந்தால் மீனவர்கள் எத்தனை நாள் வருமானத்தைக் காப்பாற்றியிருப்பார்கள் என்று கணக்கிட வழியில்லை. ஆனால் ஜூன் 9 நள்ளிரவில் 52 நாள் இழுவைமடித் தடைக்காலம் தொடங்கவிருந்த நிலையில், அதற்கு முந்தைய ஒவ்வொரு நாள் விற்பனையும் மீனவக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரியது என்பது கடற்கரை வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம்

2023 மார்ச் மாதம் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கிக் கொல்லப்படுவதாகக் காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அவை தொடர்பில்லாத பழைய சண்டைகள் என்று உடனே மறுத்தார்; பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. அதற்குள் திருப்பூர், கோவைப் பகுதிகளில் அச்சம் பரவிவிட்டது. காணொளிகள் தொடர்பாகக் கைதான பீகார் யூடியூபர் ஒருவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக்காவலை ரத்து செய்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் ஓர் உண்மை சரிபார்ப்பகத்தை அமைத்தது.

அந்தத் தடுப்புக்காவல் நீடித்த காலத்தைவிட, காவல்துறைத் தலைவரின் அந்த ஒரு காணொளி மறுப்பே தொழிலாளர்களைத் தங்க வைக்க அதிகம் உதவியது என்பது இச்செய்தியாளரின் கணிப்பு.

பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை வேறு வழியில் சென்றது. 2018-இல் கண்டி வன்முறையின்போதும் 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னரும் சமூக ஊடகங்களையே தற்காலிகமாக முடக்கிய அந்நாடு, 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றி, பொய்யான கூற்றுகள் குறித்து முடிவெடுக்க ஓர் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் அளித்தது. அச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை அங்கும் ஓயவில்லை.

உங்கள் பதிவு நீக்கப்பட்டால்

நீக்கியது தளமா அரசா என்பதை முதலில் அறிய வேண்டும். 'இந்தியாவில் தடுக்கப்பட்டுள்ளது', 'சட்டக் கோரிக்கையின்படி' போன்ற வாசகங்கள் இருந்தால் அரசு அல்லது நீதிமன்ற உத்தரவு இருக்கக்கூடும். தளம் தன் சொந்த விதிப்படி நீக்கியிருந்தால், இந்தியாவுக்கான குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். அவருடைய முடிவு நிறைவளிக்காவிட்டால், 2023 ஜனவரியில் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாள்களுக்குள் இணையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம், கட்டணமில்லை.

69ஏ உத்தரவு என்றால் அந்தக் குழு உதவாது. உயர் நீதிமன்றமே வழி. 2023 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம், தடுப்பு உத்தரவுகளை எதிர்த்த ட்விட்டர் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்து 50 இலட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. தனிமனிதர்களுக்குக் கிடைத்த ஒரு முன்மாதிரி மாறுபட்டது. வரதட்சணையைக் கேலி செய்த ஒரு நையாண்டி இணையதளம் 2018-இல் தடுக்கப்பட்டது. அதை உருவாக்கியவருக்கு அறிவிப்பும் இல்லை, உத்தரவின் நகலும் இல்லை. அவர் தொடுத்த வழக்கில், உத்தரவின் நகலை அவருக்குத் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. நகல் கேட்கும் எவரும் தம் மனுவில் முதலில் மேற்கோள் காட்டுவது இந்த உத்தரவைத்தான்.